டாக்டரின் இடது கை

துப்பறியும் நாய் என்றதும் உங்களுக்கு என்ன தோன்றும்? விறைத்த காது, கூர்மையான மூக்கு, மோப்பம் பிடித்துக்கொண்டே மூன்று தெரு தாண்டிப் போய்த் திருடன் காலைக் கவ்வுகிற வீரம். அதெல்லாம் உள்ள நாயைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது மூக்கனைப் பற்றி. மூக்கனுக்கு மூக்கு நீளம், அவ்வளவுதான். உள்ளே சரக்கு ஒன்றும் கிடையாது. வருஷம் முழுக்கச் சளி. மீனையும் மண்ணெண்ணெயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எதுவென்று கேட்டுத்தான் தெரிந்துகொள்வான்.

இதற்கு முன்னால் ஒரு சிமெண்ட் கிடங்கில் காவல் வேலை பார்த்தான். சளி அங்கே வாங்கியதுதான். முதலாளியைப் பார்த்துக் குரைத்தான், திருடனைப் பார்த்து வாலை ஆட்டினான். ஒரு தடவை என்றால் போகட்டும் என்று விடலாம். மூன்று தடவை! நாலாவது தடவை முதலாளி அவனைக் கை கழுவிவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை மழையில் தொப்பலாக நனைந்து, ஒரு தையல் கடை வாசலில் ஒண்டிக்கொண்டு நின்றான். தையல்காரர் பார்த்துவிட்டார். அவர் ஒரு மாதிரி மனுஷர். இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டால் போட்டதுதான், சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார். யாரிடமும் சத்தமாகப் பேசவும் மாட்டார். மூக்கனை உள்ளே தூக்கிவந்து, மிச்சம் கிடந்த லைனிங் துணியால் காதுக்குள்ளே வரை துடைத்துவிட்டார். அப்புறம்தான் அவர் மனைவி வந்தாள். கடைக்கு உண்மையான முதலாளி அவள்தான். தெருவே அவளை வீட்டம்மா என்றுதான் கூப்பிடும்.

வீட்டம்மா மூக்கனை ஏற இறங்கப் பார்த்தாள். “இது எதுக்குங்க? வெட்டியா ஒரு வாய்.”

“பாவம், இருந்துட்டுப் போகட்டுமே.”

“ஒரு வாரம் பாப்பேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள உருப்படியா ஏதாவது செஞ்சா இருக்கட்டும். இல்லேன்னா திங்கட்கிழமை காலையில பால்காரர் வண்டியில ஏத்தி மாட்டுப் பண்ணைக்கு அனுப்பிடுவேன், சொல்லிட்டேன்.”

அந்தக் கடையில் ஒரு அளவு நோட்டு இருந்தது. தலையணை கனம். ஊரில் பாதிப் பேருடைய மார்பு, இடுப்பு, கழுத்து எல்லாம் அதற்குள்ளே அடக்கம். முதல் பக்கம் மட்டும் வீட்டு மனுஷர்களுக்கு. தையல்காரர், வீட்டம்மா, வெளியூரில் படிக்கிற மகள், நாலாவதாக அத்தை. அத்தை என்றதும் யாரோ உறவுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள், கடைப் பூனை. ஒரு குளிர்காலத்தில் தையல்காரர் அவளுக்குச் சட்டை தைத்தார். அரை நாள் போட்டாள், பீரோவுக்குப் பின்னால் உதறிவிட்டு வந்துவிட்டாள். ஆனாலும் அளவு நோட்டில் ஏறிவிட்டதே! துண்டுத் துணி மூட்டைமேல் சாய்ந்துகொண்டு அதைச் சொல்லிச் சொல்லியே பத்து வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

“முதல் பக்கத்துல இருக்கிறவங்கதான்டா இந்த வீட்டு ஆளுங்க,” என்பாள் மூக்கனிடம். “மத்தவங்க எல்லாம் வந்தவங்க, போறவங்க. நீ எதுலயும் சேத்தி இல்லை, மருமகனே.”

மூக்கனுக்கு அது உறைத்தது. பிறந்ததிலிருந்து அவன் எந்த வீட்டு ஆளாகவும் இருந்ததில்லை. அந்த முதல் பக்கத்தில் நாலு வரிக்குக் கீழே நிறைய இடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்துப் பார்த்து ஏங்கினான்.

புதன்கிழமை சாயங்காலம் ஊசி ஒன்று காணாமல் போயிற்று. கடை மூடுமுன் கை ஊசிகளை எண்ணிப் பார்ப்பது வீட்டம்மாவின் வழக்கம். சிவப்புப் பஞ்சு உருண்டையில் பன்னிரண்டு குத்தியிருக்கும். அன்றைக்குப் பதினொன்று. காந்தத்தை வைத்துத் தரை முழுக்கத் துழாவினாள். மெஷினைக் கவிழ்த்துப் பார்த்தாள். தையல்காரரின் சட்டைக் காலரைக்கூடத் தடவிப் பார்த்தாள்.

“போனாப் போகுது, வேற வாங்கிக்கலாம்,” என்றார் அவர் தெரியாத்தனமாக.

“என்ன பேச்சுங்க இது? ஊசி எங்கே போயிருக்கும்? யார் துணிக்குள்ளயோ உட்கார்ந்திருக்கும். குத்துச்சுன்னா அவங்க உடம்புல மட்டுமா குத்தும்? இருபது வருஷப் பேர்ல குத்தும்!” அந்தக் கோபத்திலேயே மூக்கன் பக்கம் திரும்பினாள். “ஏய் நீளமூக்கு! சும்மாதானே கிடக்கிறே? அந்த ஊசியைக் கண்டுபிடி, ஆயுசுக்கும் இங்கேயே இரு.”

அவள் எரிச்சலில் சொன்னாள், அவன் உத்தரவாக எடுத்துக்கொண்டான். அந்த நிமிஷத்திலிருந்து மூக்கன் துப்பறியும் நாய். மூன்று நாள் தேடினான். பதினேழு பித்தான்கள், ஒரு பாதிச் சீப்பு, என்றைக்கோ தொலைந்த சாவி, அத்தையின் பழைய சட்டை எல்லாம் கிடைத்தன. ஊசியைத் தவிர எல்லாம் கிடைத்தன என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இப்படியே சனிக்கிழமை வந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம், வீட்டம்மா பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பித்தான் துளைக்குக் காஜா எடுக்கிற அக்கா தையல்காரருக்குப் போன் செய்தாள், எந்தெந்த வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்க. மெஷினுக்கு அடியில் ஊசி தேடிக்கொண்டிருந்த மூக்கனுக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டது.

“டீச்சரம்மாதானே? நேத்தே வெட்டியாச்சு,” என்றார் தையல்காரர்.

மூக்கனின் காது நிமிர்ந்தது.

“கை ரெண்டையும் தனியா எடுத்து வச்சிட்டேன். கழுத்துதான் கொஞ்சம் ஆழமாப் போயிடுச்சு. பரவாயில்லை, அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க... உடம்பா? உடம்பு இங்கதான், மேஜைக்கு அடியில மூட்டையில கிடக்கு.”

மூக்கனின் வால் தானாகவே காலுக்கிடையில் போய்விட்டது.

“கம்பவுண்டருக்குக் காலை வெட்டணும். அவரே வந்து கேட்டுட்டுப் போனார்... டாக்டர் அஞ்சு மணிக்கு வரார். வந்ததும் நிக்க வச்சு முடிச்சுடறேன்.”

உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். தையல் கடையில் பிறந்த கொசுவுக்குக்கூடப் புரியும். ஆனால் மூக்கன் வளர்ந்தது சிமெண்ட் கிடங்கில். சிமெண்ட் மூட்டைக்கு ஏது கை, ஏது கழுத்து?

மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்தான். மூட்டை இருந்தது. வாயிலிருந்து சிவப்பாக ஒரு நுனி வெளியே தொங்கியது. மூக்கை நீட்டி உறிஞ்சிப் பார்த்தான், ஒரு வாசனையும் வரவில்லை. அவன் மூக்குக்கு என்றைக்கு என்ன வந்தது! நேராகப் பூனையிடம் ஓடினான்.

“அத்தை! இந்த வீட்டுல கொலை நடக்குது!”

அத்தை ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். இவன் உளறிக்கொட்டியதை முழுக்கக் கேட்டாள். மீசை துடித்தது. நல்ல பூனையாக இருந்தால் அங்கேயே விளக்கிச் சொல்லியிருக்கும். ஆனால் பத்து வருஷமாக அந்தக் கடையில் அவளுக்குப் பேச்சுத் துணை கிடையாது, விளையாட ஆள் கிடையாது. கிடைத்த வாய்ப்பை விடுவாளா?

“இப்பத்தான் தெரியுமா உனக்கு?” என்றாள்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா!”

“தினமும் நாலு பேரையாவது வெட்டுவார்டா. பள்ளிக்கூடம் திறக்கிற மாசம் வந்தா முழுக்கக் குழந்தைங்கதான். கை வேற ஓயாது, பாவம்.”

“ஐயோ! போலீஸுக்குத் தெரியாதா?”

“இன்ஸ்பெக்டரையே ரெண்டு தடவை வெட்டியிருக்கார்.”

“ஒரே ஆளை எப்படி அத்தை ரெண்டு தடவை வெட்ட முடியும்?”

“முதல் தடவை சரியா வரலை.”

மூக்கன் சுற்றுமுற்றும் பார்த்தான். “வீட்டம்மாவுக்கு...?”

“வெட்டறது அவர், தைக்கிறது அவ. யாருக்கு எந்த இடத்துல எத்தனை அங்குலம்னு நோட்டுல எழுதி வைக்கிறதே அவதானே,” என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் மூட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்று மூக்கன் நினைத்தான்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? இவன் தீர விசாரித்ததும் ஒரு பொய்க்காரியிடம்தான் என்றால் நான் என்ன செய்வது!

மூக்கன் வாசற்படியில் போய் உட்கார்ந்தான். இந்த மனுஷரா? காதுக்குள்ளே வரை துடைத்துவிட்டவரா? தினமும் தன் தட்டிலிருந்து முதல் கவளத்தை எடுத்து வைக்கிறவரா? வாயை மூடிக்கொண்டு கிடந்தால் ஒருவேளை இங்கேயே இருந்துவிடலாம். அந்த முதல் பக்கத்தில் ஒரு வரி கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் டாக்டர்? வியாழக்கிழமை கோட் எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்தவர், குனிந்து இவன் மூக்கைத் தொட்டுப் பார்த்து, “அடப்பாவி, உனக்கு நல்லா சளி பிடிச்சிருக்கே” என்றார். இத்தனை வருஷத்தில் அவனுக்குச் சளி என்று கண்டுபிடித்த ஒரே ஜீவன் அவர்தான். மற்ற எல்லோரும் முட்டாள் நாய் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

அவர் சாகக் கூடாது என்று மூக்கன் முடிவு செய்தான். அதோடு இந்த வீடும் போயிற்று என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அழுகையாக வந்தது, ஆனாலும் எழுந்து உள்ளே போய்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒளிந்துகொண்டான்.

அஞ்சு மணிக்கு டாக்டர் வந்தார். கதவை அடைக்கிற உடம்பு, கூடவே ஒரு சிரிப்பு. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் அவருக்கு வழியனுப்பு விழா, அதற்குத்தான் சாம்பல் நிறக் கோட். தையல்காரர் பாதி தைத்த கோட்டை அவருக்கு மாட்டிவிட்டார். வீட்டம்மா நோட்டோடு பக்கத்தில் நின்றாள்.

“நிமிர்ந்து நில்லுங்க டாக்டர்,” என்றார் தையல்காரர். வாயில் நாலு குண்டூசி, ஒரு கையில் கத்தரி. இன்னொரு கையால் இஞ்ச் டேப்பை எடுத்து டாக்டரின் கழுத்தைச் சுற்றினார். “கழுத்தைக் கொடுங்க.”

“எடுத்துக்கோங்க,” என்றார் டாக்டர் சந்தோஷமாக.

மூக்கன் பாய்ந்தான். டாக்டரின் இடது கையைக் கவ்வி வாசல் பக்கமாக இழுத்தான். அவரை வெளியே தள்ளிக் காப்பாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் திட்டம். ஆனால் கோட் இன்னும் ஓட்டுத் தையலில் இருந்தது. போட்டுப் பார்ப்பதற்காக, பிரிப்பதற்கு வசதியாக, நீள நீளமாகத் தளர்த்திப் போட்ட தையல். ‘டர்ர்’ என்று ஒரு சத்தம். மூக்கன் மல்லாக்கப் போய் விழுந்தான்.

கை கையோடு வந்துவிட்டது.

மூக்கன் தன் வாயைப் பார்த்தான். தோளிலிருந்து மணிக்கட்டு வரை முழுக் கை. ஐயையோ! காப்பாற்றப் போய் நானே பிய்த்துவிட்டேனே! கையும் களவுமாகப் பிடிபடுவது என்றால் இதுதான். டாக்டர் பக்கம் திரும்பிப் பார்க்கவே தைரியம் இல்லாமல், கையோடு மேஜைக்கு அடியில் புகுந்து கண்ணை மூடிக்கொண்டான். பக்கத்தில் டீச்சரம்மாவின் மூட்டை. அதைவிட மோசமான இடம் அவனுக்கு அந்தக் கடையில் கிடைத்திருக்காது.

“பாத்தீங்களா, பாத்தீங்களா! நான் அன்னிக்கே சொன்னேன்!” வீட்டம்மாவின் குரல் கூரையைத் தொட்டது. “டாக்டர், மன்னிச்சுக்கோங்க. நாளைக்கு வரைக்கும்கூடக் கிடையாது, இப்பவே கிளப்பறேன் இதை.” குனிந்து, மேஜைக்கு அடியில் கையை விட்டு, பிய்ந்த கோட்டுக் கையைத் தோள் பக்கமாகப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். “ஆ!”

விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம். பிய்ந்த தோளில் பாதிப் பஞ்சு வெளியே வந்திருந்தது. அந்தப் பஞ்சுக்கு நடுவே, வெளிச்சத்தில் மினுக்கிக்கொண்டு, பன்னிரண்டாவது ஊசி.

தையல்காரர் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு அந்த ஊசியை மெல்ல உருவினார். காதில் நூல் கோத்தபடியே இருந்தது. நூலின் வால் நுனியில் இரட்டை முடிச்சு. அந்தக் கடையில் இரட்டை முடிச்சுப் போடுகிற ஆள் ஒருத்திதான். புதன்கிழமை இந்தத் தோளுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தபோது மகள் போன் செய்தாள், பேச எழுந்த வீட்டம்மா ஊசியை அதிலேயே குத்திவிட்டுப் போயிருக்கிறாள். மூன்று நாளாக ஊரையெல்லாம் சந்தேகப்பட்டாயிற்று.

தையல்காரர் லேசாக இருமினார்.

“என்ன இருமல்?” என்றாள் வீட்டம்மா.

“ஒண்ணுமில்லை, நூல் தூசி.”

டாக்டர் ஊசியை வாங்கிப் பார்த்தார். வெள்ளைச் சட்டைக்குள் பத்திரமாக இருந்த இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். “விழாவுல மாலைக்குக் கையைத் தூக்கியிருந்தா நேரா இங்கே இறங்கியிருக்கும். நாப்பது வருஷமா ஊருக்கே ஊசி போட்டவன் நான். கடைசி நாள்ல எல்லாரும் பாக்க எனக்கே போடப் பாத்தீங்களே!” என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

வீட்டம்மா சிரிக்கவில்லை. எல்லோர் எதிரிலும் குத்தியிருந்தால் இருபது வருஷப் பேர் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது, அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குரல். “என்ன, என் கை ரெண்டும் வச்சாச்சா?”

மூக்கன் ஒரு கண்ணைத் திறந்தான். டீச்சரம்மா! தலை இருந்தது. கழுத்தில் ஒரு கீறல் இல்லை. இரண்டு கையிலும் இரண்டு பை வேறு.

“இன்னும் இல்லை டீச்சர். கழுத்து கொஞ்சம் ஆழமாப் போயிடுச்சு, பட்டி வச்சுச் சரி பண்ணிடறேன்,” என்று தையல்காரர் குனிந்து மூட்டையைப் பிரித்தார். உள்ளேயிருந்து ஒரு சிவப்பு ரவிக்கை வந்தது. கழுத்து இருந்தது, உடம்பு இருந்தது, கை இரண்டும் தனியாக மடித்து வைத்திருந்தது.

மூக்கனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. டாக்டரைப் பார்த்தான், அவருக்கும் இரண்டு கை. பூனையைப் பார்த்தான், அவள் அவசரமாகத் தன் வாலை நக்கிக்கொண்டிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. என்ன சந்தேகப்பட்டுவிட்டான்! யாரைச் சந்தேகப்பட்டுவிட்டான்! ஊசி கிடைத்ததெல்லாம் அவன் புத்திக்கு எட்டவேயில்லை. நல்ல கோட்டைக் கிழித்தோம், துரத்துவதற்கு முன்னால் நாமே போய்விடுவோம் என்று தோன்றியது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தையும் பார்க்காமல், வாசலைப் பார்த்து நடந்தான்.

“டேய், எங்கே போறே?” என்றாள் வீட்டம்மா.

மூக்கன் நின்றான்.

“கண்டுபிடிச்சா ஆயுசுக்கும் இருன்னு சொன்னேன்ல? சொன்னா சொன்னதுதான். மூணு நாளா அந்தக் கோட்டையே குறி வச்சிருக்கான் பாருங்க, நமக்குத்தான் புரியலை.” குரல் கொஞ்சம் கரகரத்தது. அதை மறைக்க நோட்டைப் படாரென்று திறந்தாள். முதல் பக்கம். “என்னங்க, நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? அளவு எடுங்க.”

தையல்காரர் தரையில் மண்டி போட்டார். இஞ்ச் டேப்பைக் கையில் எடுத்தார்.

“வாடா,” என்றார். “கழுத்தைக் கொடு.”

அந்த வார்த்தைக்கு இப்போது மூக்கனுக்கு அர்த்தம் தெரியும். ஓடிவந்து, கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினான். வால் அடித்த அடியில் பித்தான் டப்பா உருண்டது, அவனுக்கு அது தெரியவே இல்லை.

“கழுத்து பதினாலு,” என்றார் தையல்காரர். “பட்டை நல்ல தோல்ல தச்சுடலாம்.”

வீட்டம்மா எழுதினாள், அஞ்சாவது வரி. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, துண்டுத் துணி மூட்டையில் ஓரமாக நகர்ந்து, பாதி இடம் விட்டு உட்கார்ந்தாள்.

“கை?” என்றாள் வீட்டம்மா பழக்க தோஷத்தில், பேனாவை எடுக்காமலே.

பல் பதிந்த சாம்பல் நிறக் கையைத் தையல்காரர் புரட்டிப் பார்த்தார். அதை இனி டாக்டருக்கு வைக்க முடியாது, புதிதாகத்தான் வெட்ட வேண்டும். அதை மூக்கன் முன்னால் போட்டார்.

“கை வேண்டாம்,” என்றார். “அவன்கிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருக்கு.”